அவசரம்: முன், பின் டேட்டாவுக்கு எந்த டெஸ்ட்?

மார்கழிப்பனி: நாளைக் காலை கைடு மேடத்தைப் பார்க்க வேண்டும். எம்எஸ்சி உளவியல் ப்ராஜெக்ட், யோகாவுக்கு முன்னும் பின்னும் மன அழுத்த ஸ்கோர் எடுத்திருக்கிறேன், எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேரில் எல்லாம் ஏற்றிவிட்டேன். ஸ்கோர் நார்மலாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஷாபிரோ-வில்க் போட்டால் பி மதிப்பு 0.03 வருகிறது, அதாவது நார்மல் இல்லை. எந்த டெஸ்ட்? சீக்கிரம் ப்ளீஸ்.

உப்பளம்: எத்தனை பேர்? இரண்டு தடவையும் அதே ஆட்களா? ஒப்பிட்டுப் பார்க்க யோகா செய்யாத கன்ட்ரோல் குரூப் உண்டா? எந்த ஸ்கேல்? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் சாமியாடியிடம்தான் போக வேண்டும்.

ரேங்க்_ராஜா: நார்மல் இல்லையென்றால் மான்-விட்னி. யோசிக்கவே வேண்டாம்.

கணக்கு_வாத்தியார்: மான்-விட்னி இரண்டு தனித்தனிக் குழுக்களுக்கு, ராஜா. வருடா வருடம் ப்ராஜெக்ட் சீசனில் இதே கேள்வி வந்துவிடுகிறது. டெஸ்ட்டை டேட்டா எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும் தம்பி. புள்ளியியல் பேப்பரை எப்படித்தான் பாஸ் செய்கிறீர்களோ.

மார்கழிப்பனி: நான் தம்பி இல்லை சார். ஒரே வகுப்புதான், முதலில் 42 பேர், ஆறு வாரம் கழித்து 38. ஸ்கேல் பிஎஸ்எஸ்-10, மன அழுத்தத்துக்கான பத்துக் கேள்வி. கன்ட்ரோல் இல்லை.

உப்பளம்: ஒரே ஆட்கள் என்றால் முன்னையும் பின்னையும் ஜோடியாக ஒப்பிடும் பேர்டு டி-டெஸ்ட், அல்லது நார்மல் இல்லையென்றால் வில்காக்சன் சைன்டு-ரேங்க். ஆனால் அந்த ஷாபிரோவை எதன் மேல் போட்டீர்கள்? முன் ஸ்கோருக்குத் தனியாகவும் பின் ஸ்கோருக்குத் தனியாகவும் என்றால் அந்த 0.03ஐ மறந்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் பின்னிலிருந்து முன்னைக் கழித்தால் வருகிற வித்தியாசம் இருக்கிறதே, அது நார்மலா என்றுதான் பார்க்க வேண்டும்.

ரேங்க்_ராஜா: ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று படிப்படியாகப் பதில் தரும் லைக்கர்ட் ஸ்கேலுக்கு டி-டெஸ்ட்டே தப்பு. ஆர்டினலுக்கு, அதாவது வரிசையை மட்டும் சொல்லும் எண்ணுக்கு, சராசரி எடுக்கக்கூடாது என்று உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946லேயே எழுதிவிட்டார்.

கணக்கு_வாத்தியார்: அதற்கு 1953ல் லார்ட் என்பவர், வெறும் அடையாளமான ஃபுட்பால் ஜெர்சி நம்பருக்கே சராசரி எடுத்துக் காட்டிப் பதிலும் எழுதிவிட்டார், அதையும் படியுங்கள். ஒற்றைக் கேள்வி ஆர்டினல், சரி. பத்துக் கேள்வியைக் கூட்டி 0 முதல் 40 வரை வரும் மொத்தத்துக்கு உலகமே டி-டெஸ்ட் போடுகிறது.

ரேங்க்_ராஜா: உலகமே போட்டால் சரியாகிவிடுமா?

கணக்கு_வாத்தியார்: மான்-விட்னி சொன்னவர் கேட்கிறார்!

நெல்லிக்கனி: இவர்கள் சண்டை முடிவதற்குள் மேடம் ரிடையர் ஆகிவிடுவார். மார்கழிப்பனி, 42ல் எந்த 38 பேர் திரும்ப எழுதினார்கள் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஃபார்மில் பெயர் இருக்கிறதா?

மார்கழிப்பனி: எதிக்ஸுக்காகப் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கையில் கிடைத்த வரிசையில் ஏற்றினேன்.

உப்பளம்: ஐயோ. அப்படியென்றால் முதல் வரியில் முன் ஸ்கோர் ஒருத்தருடையது, பின் ஸ்கோர் வேறு யாருடையதோ. பேர்டு டெஸ்ட்டுக்கு அதெல்லாம் தெரியாது, ஒரே வரியில் இருந்தால் ஒரே ஆள் என்று நம்பிக் கழித்துவிடும், பி மதிப்பும் அழகாக வரும், அத்தனையும் குப்பை.

நெல்லிக்கனி: ஃபார்மில் ரோல் நம்பர், பிறந்த தேதி, ஏதாவது அடையாளம்? அப்புறம் பிஎஸ்எஸ்-10ல் 4, 5, 7, 8 நான்கும் தலைகீழாக (0 என்றால் 4, 4 என்றால் 0) ஸ்கோர் செய்ய வேண்டியவை, செய்தீர்களா?

கணக்கு_வாத்தியார்: செய்திருக்க மாட்டார்.

(அன்று இரவு முழுக்கப் பதில் இல்லை. லைக்கர்ட் சண்டை மட்டும் இன்னும் பதினோரு பதிவு ஓடியது.)

மார்கழிப்பனி: சாரி, இப்போதுதான் பார்த்தேன். சீனியரின் ஃபார்மை அப்படியே காப்பி அடித்திருந்தேன், அதில் மூலையில் மொபைல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எழுத ஒரு கட்டம் இருந்திருக்கிறது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தியதில் 31 ஜோடி தேறியது. ரிவர்ஸும் செய்யவில்லை, வாத்தியார் சொன்னது சரி. எல்லாம் மறுபடி ஏற்றுகிறேன். மீட்டிங் வியாழனுக்குத் தள்ளிப்போயிற்று.

உப்பளம்: நல்லது. கன்ட்ரோல் இல்லாததால் 'யோகாவால் குறைந்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முதல் ஃபார்ம் எப்போது கொடுத்தீர்கள், செமஸ்டர் பரீட்சை நேரத்திலா?

ரேங்க்_ராஜா: 31க்கு வில்காக்சன்தான்.