டேவிட்சன் நாட்களில் ஸ்டெஃபன் கரி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சார்லட், வட கரோலினா

கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரி என்றதும் எல்லோரும் அவருடைய தொழில்முறை அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிலிருந்துதான் பேசத் தொடங்குகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் அதற்கு வெகு முன்பே தெரிந்தவர். 2006 முதல் 2009 வரை, சார்லட்டுக்கு வடக்கே சுமார் 20 மைல் தொலைவில் இருக்கும் டேவிட்சன் கல்லூரிக்காக ஆடினார். ஏறத்தாழ 1,700 மாணவர்கள் மட்டுமே படித்த சிறிய கல்லூரி அது. வங்கிகளின் கணினிப் பிரிவுகளில் வேலை பார்த்த நாங்கள் சிலர், மாலையில் அலுவலகம் முடிந்ததும் 77ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி நேராக அங்கே போய்விடுவோம். சுமார் ஐயாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் என்பதால் எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் ஆட்டக்காரர்களின் முகம் தெரியும்.

நான் பார்த்த ஆட்டங்களில் மறக்க முடியாதது, அவர் ஒரு புள்ளிகூட எடுக்காத ஆட்டம். 2008 நவம்பர் 25. லயோலா மேரிலாந்து அணி வந்திருந்தது. முந்தைய வாரம்தான் ஆக்லஹோமாவுக்கு எதிராகக் கரி 44 புள்ளிகள் எடுத்திருந்தார். லயோலாவின் பயிற்சியாளர் ஜிம்மி பாட்சோஸ் அதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தார் போலும். ஆட்டம் தொடங்கியதுமே இரண்டு பேர் கரியை ஒட்டிக்கொண்டார்கள். பந்து வைத்திருப்பவரை இரண்டு பேர் நெருக்குவது எல்லா ஊரிலும் உண்டு. இது அப்படி இல்லை. பந்து எங்கே இருந்தாலும் அவர்களுக்கு அக்கறை இல்லை. கரி போகும் இடமெல்லாம் இருவரும் போனார்கள்.

நான் உட்கார்ந்திருந்தது கோர்ட்டின் ஒரு மூலைக்கு அருகே. கரி பந்தைச் சக வீரரிடம் கொடுத்துவிட்டு அந்த மூலைக்கு வந்து நின்றார். பின்னாலேயே இருவரும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரியின் மார்பையே பார்த்தபடி நின்றார். எதிர்ப்புறம் டேவிட்சன் வீரர்கள் நான்கு பேர், தடுக்க மூன்று பேர். ஒருவர் எப்போதும் தனியாக இருந்தார், பந்து அவரிடம் போனது, கூடை விழுந்தது. அடுத்த முறையும் கரி அதே மூலைக்கு வந்தார். அதற்கடுத்த முறையும் வந்தார். பாட்சோஸ் திட்டத்தை மாற்றவே இல்லை.

முடிவில் டேவிட்சன் 78, லயோலா 48. கரி எறிந்தது மூன்றே முறை, புள்ளி பூஜ்யம்.

அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான், ஆட்டத்துக்குச் சராசரி 28.6. அந்தச் சராசரிக்குள் இந்தப் பூஜ்யமும் இருக்கிறது. தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள் குறிப்பேட்டோடு வந்து உட்காரும் காலத்தில், இருபது வயது இளைஞர் தன் பெயருக்கு எதிரே பூஜ்யம் விழுவதைப் பற்றிக் கவலைப்படாமல் மூலையில் நின்றார். அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். உங்களில் யாரெல்லாம் அவருடைய பள்ளி, கல்லூரி ஆட்டங்களைப் பார்த்திருக்கிறீர்கள்? எழுதுங்கள்.


தெற்கு சார்லட்

தம்பி எழுதியதைப் படித்ததும் என் பங்குக்கு நானும் எழுதத் தோன்றியது. நான் பார்த்தது அதற்கும் முன்னால், சார்லட் கிறிஸ்டியன் பள்ளியில். என் மகன் படித்த பள்ளி அவர்களோடு ஆடும் என்பதால் அந்த உள்ளரங்கத்தின் மரப்பலகைகளில் பல மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது பையனின் அப்பாவைத்தான். டெல் கரி 1988 முதல் 1998 வரை எங்கள் ஊரின் என்.பி.ஏ. அணியான சார்லட் ஹார்னெட்ஸில் ஆடியவர். ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய மகன் என்றதும் நல்ல உயரமும் தோளுமாக ஒருவன் வருவான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தவனோ ஒல்லிப்பையன். அப்பாவின் எண் 30. பள்ளியில் இருந்த 30ஆம் எண் ஜெர்சி அவனுக்கு மிகவும் பெரிதாக இருந்ததால் 20ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டான் என்பார்கள். அதுவே அவனுக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது.

பத்தாம் வகுப்பில் அவன் பந்தை எறிந்த விதம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. இரண்டு கைகளாலும் பந்தை இடுப்பருகே கொண்டுபோய், அங்கிருந்து உடம்பின் பலம் முழுவதையும் கொடுத்து மேலே தள்ளுவான். தோளில் வலு இல்லாத பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் எறிவார்கள். ஆனால் இவனுக்கு அது கூடையில் விழுந்தது.

மறு வருடம் பார்த்தால் பந்து நெற்றிக்கு மேலிருந்து போகிறது. கை உயர்ந்ததும் பந்து விரலை விட்டுப் போய்விடுகிறது. தடுக்க வருபவனுக்கு அதைத் தொட நேரமே இல்லை. இடையில் நடந்தது 2004 கோடை. இப்படியே எறிந்தால் கல்லூரியில் ஒவ்வொரு பந்தையும் தட்டிவிடுவார்கள் என்று டெல் கரி மகனிடம் சொல்லி, எறியும் முறையை அடியோடு பிரித்து மறுபடி கட்டினார். வீட்டுக்குப் பின்னால் இருந்த கோர்ட்டில், கூடைக்கு மிக அருகிலிருந்து தொடங்கினார்கள். வாரக்கணக்கில் தூரத்திலிருந்து எறியவே முடியவில்லை. பையன் அழுதான், பார்க்கவே கஷ்டமாக இருந்தது என்று டெல் கரி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் வந்து பார்க்கத் தொடங்கும் பதினாறு வயது. கூடையில் விழுந்துகொண்டிருக்கும் பந்து. அதை நிறுத்தச் சொல்லி, ஒரு கோடை முழுவதும் மகனைத் தோற்க விட்டார். கரியைப் பற்றி யார் என்ன எழுதினாலும் என் மதிப்பு முதலில் அந்த அப்பாவுக்குத்தான்.

பள்ளிக்கு மூன்று முறை கான்ஃபரன்ஸ் (ஒன்றோடொன்று மோதும் அணிகளின் குழு) பட்டம் வாங்கிக் கொடுத்தான். அப்படியும் பெரிய கல்லூரிகள் அசையவில்லை. உயரம் ஆறடி, எடை 160 பவுண்டு. அதற்கு மேல் அவர்கள் பார்க்கவில்லை. அப்பாவும் அம்மா சோனியாவும் படித்து விளையாடிய வர்ஜீனியா டெக் கல்லூரிகூட, உதவித்தொகை இல்லாமல் வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றது. டேவிட்சனின் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தார். அவருடைய மகனும் இவனும் சின்ன வயதில் ஒரே பேஸ்பால் அணியில் ஆடியவர்கள் என்பதால் பையனைப் பத்து வயதிலிருந்தே அவருக்குத் தெரியும்.


கேரி, வட கரோலினா

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். நாங்கள் இருந்தது ராலிக்குப் பக்கத்தில். 2008 மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. போட்டியின், அதாவது கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டியின், முதல் இரண்டு சுற்றுகள் ராலியில் நடந்தன. எங்கள் ஊரில் எல்லோருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மேல்தான் பைத்தியம். அவர்களும் அங்கேதான் ஆடினார்கள். டிக்கெட் வாங்கியது அவர்களுக்காக. டேவிட்சன் ஆட்டம் அதே டிக்கெட்டில் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை கொன்சாகாவோடு ஆட்டம். கரி 40 புள்ளிகள், அதில் 30 இரண்டாம் பாதியில். மூன்று புள்ளி தரும் தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து 10 முறை எறிந்து 8 கூடைகள். 74-74 என்று சமமாக நின்ற நேரத்தில், தவறிய பந்து ஒன்றை ஆண்ட்ரூ லவ்டேல் பிடித்து வெளியே கொடுக்க, கோட்டுக்குப் பின்னாலிருந்து கரி எறிந்தார். விழுந்தது. 82-76. 1969க்குப் பிறகு அந்தப் போட்டியில் டேவிட்சன் வென்ற முதல் ஆட்டம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். எதிரே ஜார்ஜ்டவுன், ஏழடி இரண்டு அங்குல ராய் ஹிபர்ட்டோடு. முதல் பாதியில் கரிக்கு ஐந்து புள்ளிகள்தான். எறிந்தது எல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் ஜார்ஜ்டவுன் 17 புள்ளிகள் முன்னே போய்விட்டது. அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கரியை மட்டும் பார்க்கத் தொடங்கினேன். ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ஒரு பெரிய ஆளின் முதுகை உரசிக்கொண்டு ஓடுவார், துரத்துபவன் அந்த ஆள் மேல் மோதுவான், கரி வளைந்து அடுத்த ஆளின் பின்னால் போவார், திடீரென்று கோட்டுக்கு வெளியே தனியாக நிற்பார், ஜேசன் ரிச்சர்ட்ஸின் பாஸ் சரியாக அந்த நொடியில் கைக்கு வந்து சேரும். சக வீரர் கூடை போட உதவும் பாஸ்களை அந்த வருடம் நாட்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகம் கொடுத்தவர் ரிச்சர்ட்ஸ். மெக்கிலப்பின் ஆட்டமுறையே இந்த ஓட்டத்தில்தான் இருந்தது. ஒல்லியான கார்டு (கூடையிலிருந்து தள்ளி நின்று ஆடுபவர்) ஒருவரைப் பெரிய உடம்புக்காரர்களிடமிருந்து காப்பாற்றும் வழி அது.

சிறிது நேரத்தில் எங்களைச் சுற்றி வெளிர்நீலச் சட்டை போட்ட வட கரோலினா ரசிகர்கள் மொத்தமும் டேவிட்சனுக்காக எழுந்து நின்றார்கள். 74-70. கரி 30, அதில் 25 இரண்டாம் பாதியில். அதற்கடுத்து எங்கள் அணி ஆடிய ஆட்டத்தில் எனக்கு ஒன்றுமே நினைவில்லை.


ஆன் ஆர்பர், மிச்சிகன்

கேரி நண்பர் விட்ட இடத்திலிருந்து நான் தொடர வேண்டியவன். ஆனால் முதலில் 2006 நவம்பர்.

நான் அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவன். கரியின் முதல் கல்லூரி ஆட்டம் ஈஸ்டர்ன் மிச்சிகனுக்கு எதிராக. 15 புள்ளிகள் எடுத்தார். பந்தை எதிரணியிடம் 13 முறை இழந்தார். ஒரு கார்டுக்கு அது மிக மோசமான கணக்கு. வேறு பயிற்சியாளராக இருந்தால் பெஞ்சில் உட்காரவைத்திருப்பார். மெக்கிலப் அவரைக் களத்திலேயே விட்டார், அடுத்த ஆட்டத்திலும் இறக்கினார். அந்த அடுத்த ஆட்டம் எங்களோடு. வென்றது மிச்சிகன்தான். ஆனால் அரங்கத்தை விட்டு வெளியே வந்த மாணவர்கள் எல்லோரும் அந்த முதலாண்டுப் பையனைப் பற்றியே பேசினோம்: 32 புள்ளிகள், 9 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது). அந்த வருட முடிவில் நாட்டின் முதலாண்டு மாணவர்களில் அவரைவிட அதிகச் சராசரி எடுத்தவர் டெக்சாஸின் கெவின் டுரான்ட் ஒருவர்தான்.

இனி 2008, டெட்ராய்ட், ஃபோர்டு ஃபீல்டு. அமெரிக்கக் கால்பந்து மைதானம் அது, ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். டேவிட்சனின் அறங்காவலர்கள் மாணவர்களுக்குப் பஸ், டிக்கெட், தங்குமிடம் மூன்றுக்கும் பணம் கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விஸ்கான்சினை 73-56 என்று தோற்கடித்தார்கள். கரி 33. லெப்ரான் ஜேம்ஸ் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கான்சஸ். இதில் வென்றால் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. கான்சஸ் ஆட்களை மாற்றி மாற்றி அனுப்பிக் கரியைக் களைக்கவைத்தது. மூன்று புள்ளிக்கு 16 முறை எறிந்து 4தான் விழுந்தன. ஆனாலும் மொத்தம் 25 புள்ளிகள். கடைசிச் சில நொடிகள், 59-57, பந்து டேவிட்சனிடம். கரி ஓரத்தில் பந்தோடு வந்தார். எறிவது போல் ஒரு பாவனை காட்டினார்; தடுப்பவர் ஏமாறவில்லை. இரண்டாவது ஆளும் வந்து சேர்ந்தார். மணி ஓடிக்கொண்டிருந்தது. கரி ரிச்சர்ட்ஸுக்குப் பாஸ் கொடுத்தார். ரிச்சர்ட்ஸ் தூரத்திலிருந்து எறிந்தார். விழவில்லை. கான்சஸ் பயிற்சியாளர் பில் செல்ஃப் நிம்மதியில் முழங்காலிட்டுவிட்டார். அந்தக் கான்சஸ்தான் அந்த ஆண்டின் சாம்பியன்.

கரியே எறிந்திருக்க வேண்டும் என்று இன்றும் வாதாடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு பேர் மேலே நிற்கும்போது எறிவது சூதாட்டம். தனியாக நின்றவர் ரிச்சர்ட்ஸ். அந்த வருடம் முழுவதும் கரிக்குப் பந்து கொடுத்தவர் அவர். சார்லட் நண்பர் சொல்லும் லயோலா ஆட்டத்தின் கணக்கும் இதே கணக்குதானே? அங்கே கூடை விழுந்தது, இங்கே விழவில்லை.


சார்லட், வட கரோலினா

ஆன் ஆர்பர் நண்பரோடு முழுக்க உடன்படுகிறேன். ரிச்சர்ட்ஸ் படித்து முடித்துப் போனதும் மூன்றாம் ஆண்டில் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு வேலையும் கரியின் தலையில் விழுந்தது. பந்தைக் கொண்டுவருவதும் அவர், ஆட்டத்தை அமைப்பதும் அவர், எறிய வேண்டியதும் அவர். அதே வருடம் கல்லூரி ஆட்டங்களில் மூன்று புள்ளிக் கோட்டை ஓரடி பின்னால் தள்ளி 20 அடி 9 அங்குலமாக்கினார்கள். கோட்டுக்கு வெகு பின்னாலிருந்து எறிந்து பழகியவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. முந்தைய பருவத்தில் 162 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டு என்.சி.ஏ.ஏ. சாதனையே படைத்திருந்தாரே.

ஆனால் கான்ஃபரன்ஸ் அரையிறுதியில் காலேஜ் ஆஃப் சார்ல்ஸ்டனிடம் தோற்று என்.சி.ஏ.ஏ. போட்டிக்குப் போக முடியாமல் போனது. அந்தத் தோல்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2,635 புள்ளிகளோடு, கல்லூரியின் சாதனையாளராக, நான்காம் ஆண்டு படிக்காமலே வெளியேறினார். என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2009 டிராஃப்டில் ஏழாவது ஆளாகக் கோல்டன் ஸ்டேட் எடுத்துக்கொண்டது.

பலர் கேட்கிற ஒன்று: அவருடைய 30ஆம் எண் ஜெர்சியை டேவிட்சன் ஏன் உடனே கௌரவிக்கவில்லை? பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் அந்த மரியாதை என்பது கல்லூரியின் விதி. கரி விட்ட பாடங்களை எழுதி முடித்துச் சமூகவியலில் பட்டம் வாங்கியது 2022இல். அந்த ஆகஸ்ட் 31 அன்று அவர் ஒருவருக்காகவே பட்டமளிப்பு விழா நடத்தி, ஜெர்சியையும் அரங்கத்தில் ஏற்றினார்கள். என்.பி.ஏ. சாம்பியன் என்பதற்காகக் கல்லூரி விதியைத் தளர்த்தவில்லை, அவரும் தளர்த்தச் சொல்லவில்லை. இதில் எனக்கு இரு தரப்பின் மீதும் மரியாதை உண்டு.

ஆக்லஹோமாவில் 44 புள்ளிகள் எடுத்த ஆட்டத்தைப் பற்றி இங்கே இன்னும் யாரும் எழுதவில்லை. டேவிட்சன் 82-78 என்று தோற்றது; எதிரணியில் பின்னாளில் என்.பி.ஏ.வில் பெயர் பெற்ற பிளேக் கிரிஃபின் இருந்தார். ஆக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மனில் அப்போது படித்த தமிழ் மாணவர்கள் யாராவது அரங்கத்துக்குப் போயிருந்தால் அவசியம் எழுதுங்கள்.