தக்கலை வீடு குரூப்: சுஜியின் பார்சல்

மாலை 4.10

பெரியத்தை: சுஜி மக்களே, பெங்களூருக்கு வர வேண்டிய உன் பார்சல் இங்கே வந்து கிடக்கிறது. விலாசத்தை மாற்றவே இல்லையா?

பெரியத்தை: புத்தகம் போலத் தெரிகிறது. பிரிக்கட்டுமா?

மாலை 5.02

சுஜி: ஐயோ அத்தை, வேண்டாம்! அப்படியே அலமாரியில் வையுங்கள்.

பெரியத்தை: பிரித்தாச்சு.

இரவு 8.15

பெரியத்தை: அட்டையில் கறுப்பு ரோஜாவும் கத்தியும். உள்ளே முதல் பக்கத்தில் ஒரு பட்டியல். ஆள் கடத்தல், விஷம், கொலை, பின்தொடர்தல். உங்கள் மனநலம் முக்கியம் என்று வேறு போட்டிருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவில்கூட இத்தனை எச்சரிக்கை நான் பார்த்ததில்லை.

சுஜி: அது டிரிக்கர் வார்னிங் அத்தை. டார்க் ரொமான்ஸ் புத்தகங்களில் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். தாங்காதவர்கள் அங்கேயே மூடி வைத்துவிடலாம்.

பெரியத்தை: நான் 96-ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.

அப்பா: டார்க் ரொமான்ஸ் என்றால்?

சுஜி: வழக்கமான காதல் கதையில் வில்லன் தனியாக இருப்பான் அப்பா. இதில் ஹீரோவே வில்லன். கடத்துவான், பொய் சொல்வான், கொலையும் செய்வான். அவளும் சளைத்தவள் இல்லை. ஆனால் பெரும்பாலும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். அந்த தைரியத்தில்தான் மற்றதையெல்லாம் படிக்கிறோம்.

சித்தி: தமிழிலும் உண்டு அத்தான். பிரதிலிபி ஆப்பில் ஆன்டி ஹீரோ என்று தேடிப் பாருங்கள். மண்டபத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்த் தாலி கட்டுவான். அவள் 40 அத்தியாயம் அழுவாள். 41-இல் அவனுக்குக் காய்ச்சல் வரும், இவள் ரசம் வைத்துக் கொடுப்பாள்.

பிரவின்: காய்ச்சல் வந்தால் எல்லாக் கேசும் தள்ளுபடி!

மைனி: கோர்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு பெண்ணின் பின்னால் விடாமல் அலைவது இப்போதைய சட்டத்தில் 78-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 354டி. அதையே 2013-இல்தான் சேர்த்தார்கள்.

பெரியத்தை: அதற்கு முன்னால்?

மைனி: இதற்கென்று தனிப் பிரிவு இல்லை அத்தை.

அப்பா: சுஜி, படிக்க நல்ல புத்தகமே கிடைக்கவில்லையா உனக்கு?

சுஜி: நீங்கள் தினமும் ராத்திரி கொலை வழக்கு வீடியோ பார்க்கிறீர்களே.

அப்பா: அது பொது அறிவு.

இரவு 9.40

பெரியத்தை: கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். நேப்பிள்ஸ் நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்காரி. அடித்து உதைத்த புருஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைத்தே முடித்திருக்கிறாள். அது ஒரு கடத்தல்காரனுக்குத் தெரிந்துபோகிறது. அவன் போலீசுக்குச் சொல்லவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறான். மூன்று வேளையும் அவள்தான் அவனுக்குச் சமைக்க வேண்டும். ஒவ்வொரு வாயையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்கிறான்.

பெரியத்தை: அந்தச் சாப்பாட்டுக் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

பிரவின்: ஆச்சியும் பக்கத்தில் இருக்கிறார்களா?

பெரியத்தை: நான் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டுதானே படிக்கிறேன். இதோ ஆச்சி பேச வேண்டுமாம்.

ஆச்சி: குரல் பதிவு (2.47)

சித்தப்பா: பஸ்ஸில் இருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. யாராவது எழுதிப் போடுங்கள்.

பிரவின்: எழுதுகிறேன். ஆச்சி சொன்னது: "இது என்னட்டி புதுக் கதை? நம்ம இசக்கியம்மன் கதைதானே. பூசாரிக்குத் தாசி மேல பைத்தியம். கோயில் சொத்தெல்லாம் அங்க கொண்டு கொட்டுனான். கை காஞ்சதும் தாசிக்க தாய் அவனை அடிச்சு வெரட்டிட்டா. மகளுக்கு மனசு கேக்கல, நகையோட அவன் பின்னாலேயே போனா. கள்ளிக்காட்டுல அவன் மடியில தலைவச்சு ஒறங்குனா. அவன் பைய அந்தத் தலையைத் தூக்கி மண்ணுல வச்சிட்டு, கல்லைப் போட்டுக் கொன்னான். நகைக்காக. அவனைப் பாம்பு கொத்துச்சு. அடுத்த பிறவியில அவன் செட்டி, இவ நீலி. கள்ளிக் கொப்பை ஒடிச்சுப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, இவன் எனக்க மாப்பிள்ளைன்னு பஞ்சாயத்துல போய் நின்னா."

அப்பா: அது பழையனூர் கதை அம்மா. திருவாலங்காட்டுப் பக்கம் நடந்தது.

பெரியத்தை: நடந்தது எங்கேயோ, இசக்கியாக வந்து உட்கார்ந்தது நம் முப்பந்தல் கோயிலில் என்கிறாள் ஆச்சி.

சித்தப்பா: கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் அந்தக் கல்லைப் போடுகிற இடம் வந்ததும் வீசுகோலை ஓங்கி அடித்துவிட்டு நிறுத்துவார். உடுக்கையும் நின்றுவிடும். எனக்கு ஏழு வயசு இருக்கும், எழுந்து ஓடியிருக்கிறேன்.

சுஜி: பாருங்கள், எங்களுக்கு மட்டும்தான் வார்னிங் பேப்பர்.

சுஜி: ஆனால் ஆச்சி, ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீலி இரண்டு பிறவி எடுத்தும் அவனை மன்னிக்கவில்லை. இந்தப் புத்தகத்தில் இவள் மன்னித்துவிடுவாள்.

பெரியத்தை: முடிவைச் சொல்லாதே!

சுஜி: சாரி அத்தை.

மைனி: எனக்கு எப்போதும் உறுத்துவது நீலி போய் நின்ற பஞ்சாயத்தில் இருந்த அந்த எழுபது வேளாளர்கள்தான். எனக்கு இவளைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று செட்டி வாய்விட்டுச் சொன்னான். அவர்களோ, பெண்டாட்டி ஆசையாகத் தேடி வந்திருக்கிறாள், உனக்கென்ன பயம், உன் உயிருக்கு நாங்கள் பிணை என்றார்கள். கையில் இருந்த மந்திர வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்கள். விடிந்ததும் அவன் பிணம்தான் கிடந்தது.

சித்தி: எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்களே.

மைனி: இறங்கினார்கள். ராத்திரியே கேட்டிருக்கலாம்.

இரவு 10.26

பெரியத்தை: 1984-இல் எனக்கும் ஒருத்தன் இருந்தான். காலேஜ் பஸ்ஸில் நான் தக்கலையில் ஏறினால் அவனும் ஏறுவான். வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் எல்லாம் தாண்டி வடசேரியில் நான் இறங்கினால் அவனும் இறங்குவான். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் பஸ்ஸில் என் குடை காணாமல் போனது. அடுத்த வாரம் நம் வீட்டுத் திண்ணையில் மடக்கி வைத்திருந்தது.

பெரியத்தை: வீட்டில் சொன்னேன். உன்னைப் பிடித்திருக்கிறது, அதுதான் வருகிறான் என்று சிரித்தார்கள். யார் என்று இங்கே எழுதவில்லை.

பெரியத்தை: புத்தகத்தில் இவன் அவள் பின்னால் மழையில் நடந்து வருகிற இடம் 212-ஆம் பக்கம். எல்லோருக்கும் அது காதல் காட்சியாக இருக்கும். நான் அதைப் படித்துவிட்டு வாசல் கொண்டி போட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சித்தப்பா: அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது.

அப்பா: எனக்கும் தெரியாது.

பெரியத்தை: உனக்கு அப்போது பத்து வயசு தம்பி. அந்தக் குடையை எடுத்து உள்ளே கொண்டுவந்தது நீதான்.

சுஜி: அத்தை, அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். நான் வேறு வாங்கித் தருகிறேன்.

பெரியத்தை: எதற்கு? இதை நான் மூடினால் மூடும்.

சுஜி: அப்புறம் அவன் என்ன ஆனான்?

இரவு 10.41

பெரியத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியத்தை: குரூப்பில் வேண்டாம். சனிக்கிழமை வா, சொல்கிறேன்.

சுஜி: ஐலண்ட் எக்ஸ்பிரஸில் டிக்கெட் இருக்கிறதா பார்க்கிறேன்.

அப்பா: நானும் வருகிறேன் அக்கா.