ஏற்காட்டு மலையின் 14-வது வளைவில் நின்ற மாருதி 800: பழைய காரை வீட்டிலேயே சரிசெய்த அனுபவங்கள்

கோரிமேட்டிலிருந்து:

2021-ல் 62,000 ரூபாய் கொடுத்து ஒரு மாருதி 800 வாங்கினேன். 1998 மாடல். கார்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் பாகம்) வைத்த வண்டி, மூன்று சிலிண்டர், 796 சிசி, நாலு கியர். "எஞ்சின் பக்காங்க, டிங்கரிங் வேலை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் விற்றார். ஊருக்குள் ஓட்டிய வரைக்கும் அவர் சொன்னது உண்மை மாதிரியே இருந்தது. சேலத்துக்குள் அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, கொண்டலாம்பட்டி என்று தினமும் ஓட்டினேன். சூடு காட்டும் முள் எப்போதும் அடிமட்டத்திலேயே கிடக்கும். நல்ல வண்டி, சூடே ஆகவில்லை என்று நினைத்தேன். முள் மேலே ஏறாமலே இருப்பதும் ஒரு கோளாறுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல்முறை குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். அம்மா, மனைவி, மகள், பின்னால் சாப்பாட்டுக் கூடை. சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த உயரத்தை ஏற வேண்டும். பத்தாவது வளைவு தாண்டியதும் முள் நகர ஆரம்பித்தது. 14-வது வளைவில் சிவப்பைத் தொட்டது, பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன்.

பானெட்டைத் தூக்கி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிட்டேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு தோட்டத்து ஜீப் சரக்கென்று நின்றது. "கையை எடுங்க சார், கையை எடுங்க!" என்று கத்தியபடி டிரைவர் ஓடி வந்தார். அறுபதை நெருங்கிய வயது இருக்கும். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேவிட்டார். அன்றைக்கு அவர் வரவில்லை என்றால் என் முகம் இப்போது இருக்கிற மாதிரி இருந்திருக்காது.

ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஏற்காடு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தை அடைத்து வைத்திருப்பதால் 110 டிகிரி தாண்டினாலும் உள்ளே இருப்பது கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் சட்டென்று போய்விடும், அவ்வளவு தண்ணீரும் ஒரே நொடியில் கொதித்துப் பீய்ச்சி அடிக்கும். குக்கர் விசில் அடங்குவதற்குள் மூடியைத் திறக்கிற கதைதான், ஆனால் இது பல மடங்கு.

முக்கால் மணி நேரம் எங்களோடு நின்றார் அந்த அண்ணன். "சூடான எஞ்சின் மேல பச்சைத் தண்ணி ஊத்திராதீங்க, ஹெட்டு விரிசல் விட்டுரும்" என்றார். ஆறிய பிறகு தன் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "வீட்டுக்குப் போயி தெர்மோஸ்டாட் இருக்குதா, புடுங்கிப் போட்டுட்டாங்களான்னு பாருங்க." நன்றி சொல்லி காசு நீட்டினேன், வாங்கவில்லை. பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைத்து, சூடானதும் திறந்துவிடும் வால்வு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது உட்காரும் கூட்டைத் திறந்தேன். உள்ளே காலி.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்ம பக்கம் பழைய வண்டி வாங்குகிற பலருக்கும் இது காத்திருக்கிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றி எறிகிற பழக்கம் பல ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. கழற்றியதும் ஊருக்குள் வண்டி சூடாவது நின்றுவிடும், ஓனருக்கும் சந்தோஷம். ஆனால் எஞ்சின் தனக்குத் தேவையான சூட்டுக்கே வராமல் ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். அதைவிட மோசம், வண்டி ஏன் சூடானது என்ற உண்மையான காரணம் அப்படியே உள்ளே இருக்கும். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் தெர்மாமீட்டரை ஒளித்து வைத்த மாதிரி. என் வண்டியின் உண்மையான நோய் ரேடியேட்டர் அடைப்பு. வடிகுழாயைத் திறந்தபோது செங்கல் கலரில் தண்ணீர் வந்தது, கூடவே வெள்ளைச் செதில்கள். வருஷக்கணக்காகப் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பாத்திரங்களில் படிகிற அதே உப்புதான் உள்ளே குழாய்களை அடைத்திருந்தது.

ரேடியேட்டரைக் கழற்றுவது கஷ்டமில்லை. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் ஒயர், நாலைந்து போல்ட்டு. தூர் எடுப்பதை மட்டும் ரேடியேட்டர் கடையில் கொடுத்தேன். புது தெர்மோஸ்டாட் வாங்கியதும் மாட்டிவிடவில்லை. அம்மா கொடுத்த ஒரு ஓட்டைப் பிடிச் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றினேன். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. தண்ணீர் 82 வந்ததும் மெல்ல வாய் திறந்ததைக் கண்ணால் பார்த்தேன். பழைய வண்டியில் புதுப் பாகத்தையும் சோதித்துத்தான் மாட்ட வேண்டும்.

அடுத்த திருட்டு வேலை ஃபேனில் இருந்தது. சூடானால் தானாக ஓட வேண்டிய ஃபேனின் சுவிட்ச் செத்துப் போயிருந்தது. அதை மாற்றாமல் டேஷ்போர்டுக்குக் கீழே கையால் போடுகிற சுவிட்ச் ஒன்றை வைத்துவிட்டிருந்தார்கள். அந்த ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒரிஜினல் மாதிரி சுவிட்ச் போட்டேன். ரேடியேட்டருக்குள் கூலண்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரும் சரிபாதி ஊற்றினேன். இப்போது முள் நடுவில் போய் நிற்கிறது, ஊருக்குள்ளும் மலையிலும் ஒரே இடம்.

ஒரு விஷயம், வடித்த கூலண்ட்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், நாய்கள் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும். மூடி போட்ட கேனில் எடுத்து வையுங்கள்.

பிரேக்குக்கு வருகிறேன். அதே பயணத்தில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதி வழி நியூட்ரலில் வந்தேன். அடிவாரம் வருவதற்குள் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. அன்றைக்குப் பின்சீட்டில் அம்மாவும் மகளும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்பவும் வயிறு கலங்குகிறது. எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் ஆறிக்கொண்டே வரும்.

திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் கடுங்காப்பி கலர். இந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 140-க்கு இறங்கிவிடும். மலை இறங்குகிற சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நானும் மகளும்தான் செய்தோம். அவள் டிரைவர் சீட்டில், நான் பின் இடது சக்கரத்துப் பக்கம். பெடலை அமுக்கினால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு அதுதான் தூரம், அதனால் அங்கே ஆரம்பித்தோம். "அமுக்கு, புடி, விடு" என்று ஒன்றரை மணி நேரம். கண்ணாடிக் குழாயில் குமிழி வருவது நின்று ஆயில் தெளிவானதும் அடுத்த சக்கரம். பெயிண்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு போடுங்கள். அது கையில் இல்லாத நாளில் அந்த வேலையை எடுக்காதீர்கள். டைமிங் பெல்ட்டையும் ஹெட் வேலையையும் ஸ்டியரிங் ஜாயிண்ட்டையும் நான் வீட்டில் தொடுவதில்லை, ஒர்க்‌ஷாப்பில் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

சேவாப்பேட்டையிலிருந்து:

அண்ணா, ஃபேனுக்கு வைத்த அந்தக் கை சுவிட்ச் என் வண்டியிலும் இருந்ததுங்க. நான் லைட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. என்னிடம் இருப்பது 2002 மாடல் 800. ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று 100/90 வாட் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) பல்பு வாங்கி மாட்டினேன். இந்த வண்டிக்கு உள்ளது 60/55. ஒரு மாதத்தில் பல்பு ஹோல்டர் உருகி, ஒயர் தோல் கருகிவிட்டது. அதற்கு முன்பே ஒரு ராத்திரி குப்பனூர் ரோட்டில் எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, உங்க லைட்டுல எனக்கு ரோட்டு விளிம்பே தெரியல. உள்ள நாப்பது பேரு இருக்காங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

உண்மையில் பல்பு மேல் குற்றமே இல்லை. இருபது வருஷ ஒயரும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சும் வழியிலேயே கரண்ட்டைத் தின்றுவிடுகின்றன. மீட்டர் வைத்துப் பார்த்தேன், பேட்டரியில் 12.6 வோல்ட், பல்பு முனையில் 10.9 தான். இரண்டு ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வாங்கினேன், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயில் 30 என்ற முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு நேர் ஒயர், 87-லிருந்து பல்புக்கு, 86-க்குப் பழைய ஹெட்லைட் ஒயர், 85 பாடி எர்த். அவ்வளவுதான். அதே 60/55 பல்பு இப்போது வெள்ளையாக எரிகிறது. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும், அதை விட்டால் தீப்பிடிக்கும். பட்டறையில் பற்றவைத்துப் பழகிய கை என்பதால் எல்லா இணைப்பையும் ஈயம் வைத்து ஒட்டி, மேலே உறை போட்டு, ஒயர் ஆடாமல் கட்டிவிட்டேன்.

எல்இடி பல்பு போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பழைய கண்ணாடிக்குள் அதைப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். ஏற்காட்டுப் பனியில் நமக்கே வெள்ளைச் சுவர் மாதிரி திரும்பி வரும். வேண்டாங்க.

ஏற்காட்டிலிருந்து:

நான் இங்கே பள்ளி ஆசிரியை. அப்பா வைத்திருந்த 1996 மாருதி ஜென் இப்போது என்னிடம். அதுவும் கார்பரேட்டர் வண்டி.

சேலத்தில் ட்யூன் செய்த வண்டி இங்கே வந்தால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) திணறும். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோல் மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்திருக்கும். நான் இங்கேயே வசிப்பதால் இங்கே வைத்து ட்யூன் செய்துகொண்டேன். நீங்கள் ஞாயிறு மட்டும் வருபவர்கள் என்றால் மலையில் வைத்து கார்பரேட்டர் ஸ்குருவைத் திருகாதீர்கள், கீழே போனதும் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடாகும்.

நான் சொல்ல வந்தது வேறு. போன வருஷம் ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். கடைக்கார அக்கா, "டீச்சர், உங்க வண்டிகிட்ட பெட்ரோல் வாடை அடிக்குது, என்னன்னு பாருங்க" என்றார். பெட்ரோல் வண்டி என்றால் வாடை வரத்தான் செய்யும் என்று நினைத்தேன். அவர் விடவில்லை, பக்கத்தில் இருந்த அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு நடந்து வந்தார். பானெட்டைத் தூக்கினால் ஃபியூயல் பம்ப்புக்குப் போகிற ரப்பர் ஹோஸ் ஊறி உப்பி, கிளிப் பக்கத்தில் கசிந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளிச் சூடான எஞ்சின்.

ரப்பருக்கு வயதாகிவிட்டது என்பது ஒரு காரணம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பது இன்னொரு காரணம். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ஹோஸையும், எத்தனால் தாங்கும் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்கி மாற்றினேன், கிளிப்புகளையும் சேர்த்து. பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு. பழைய கார் வைத்திருக்கிற எல்லோரும் இதை இந்த வாரமே பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சீட் கவரும் ஸ்பீக்கரும் பிறகு போடலாம்.

கோரிமேட்டிலிருந்து:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். என் வண்டியிலும் பம்ப் பக்கத்து ஹோஸ் விரலால் அழுத்தினால் மாவு மாதிரி அமுங்குகிறது. வாங்கி வந்துவிட்டேன். ரொம்ப நன்றிங்க.

பழைய காரின் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) எப்படிப் புதுப்பிப்பது, எவ்வளவு ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். 15 வருஷம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள். வண்டியை நேரில் காட்ட வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, நான் 2023-ல் அதைத்தான் கட்டினேன். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அதை இன்னும் கூட்டிவிட்டார்கள், 10,000. வாங்குகிற விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஹோஸும், பின் சக்கரங்களுக்கு (பிரேக்கை அழுத்துகிற) வீல் சிலிண்டரும் மாற்றுகிறேன். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள், பெடல் அமுக்க ஒரு ஆள் வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் ஏழு மணிக்கு வாருங்கள். டிபன் வீட்டில்தான்.