மறு: கைவிட்ட ரயில் பாதையில் நடைவழி – ‘சுவட்டுப்பாதை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ரயில் ஓடுவது நின்றுபோன பாதையை நடப்பதற்கு ஏற்ற வழியாக மாற்றினால், அதைத் தமிழில் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வந்த ‘ரயில் நடைபாதை’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையின் மலையகத்தில் அது ஆபத்தான சொல். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலத்தில் போய்ப் பாருங்கள். கோச்சி (ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஓடும் தண்டவாளத்திலேயே சனம் நடக்கிறது. பல தேயிலைத் தோட்டங்களில் ஊர்ச் சனத்துக்கும் அதுதான் குறுக்கு வழி. சிலிப்பர் கட்டைக்குக் கட்டை கால் வைத்துப் போவார்கள், வளைவில் ஹோர்ன் கேட்டால் பக்கத்துக் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கி நிற்பார்கள். அதையும் ‘ரயில் நடைபாதை’ என்றுவிடலாமே! நாம் தேடுவது கோச்சி நின்றுபோன பாதைக்கான சொல்.

நம்மிடமே அப்படி ஒன்று உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன இரண்டரை அடி அகலப் பாதை. 1904இல் இராகலையைத் தொட்டது, 1940களில் மூடிவிட்டார்கள். கந்தப்பளையில் கொழுந்து பறித்த என் அம்மாயி அங்கே கோச்சியைக் கண்டதே இல்லை. ஆனாலும் அந்த வழியைக் ‘கோச்சி ரோடு’ என்றுதான் சொல்வார். கூடையோடு ஏற, செங்குத்தான குறுக்கைவிட அதுதான் லேசு என்பார். எஞ்சின் மூச்சு வாங்காமல் ஏறவேண்டும் என்று மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டிய பாதை அல்லவா.

‘கோச்சி ரோடு’ என்றே வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஹட்டன் பக்கம் ‘கோச்சி ரோடு’ என்றால் இன்னும் ரயில் ஓடும் பாதை. தமிழ்நாட்டு நண்பர்களுக்கோ கோச்சி என்றாலே புரியாது. சரி, ‘தடம்’? ‘ரயில் தடம் புரண்டது’ என்று தினமும் எழுதுகிறோம். அந்தச் சொல்லில் ரயில் இன்னும் ஓடுகிறது.

‘சுவடு’ அப்படியல்ல. ஆள் நிற்கும்போது காலுக்கடியில் சுவடு தெரியாது, நகர்ந்த பிறகுதான் தெரியும். ஆகவே ‘ரயில்சுவட்டுப் பாதை’. பழகியபின் ‘சுவட்டுப்பாதை’ போதும். நியூயோர்க்கின் ஹைலைனுக்கும் இது பொருந்தும். அங்கே தெருவுக்கு மேலே தூண்களில் போகும் பாதை அது. 1980இல் கடைசி ரயில் ஓடியது, 2009இல் நடப்பவர்களுக்குத் திறந்தார்கள். ‘பசுமை’, ‘பூங்கா’ எதையும் நான் ஒட்டவில்லை. செடி நட்டாலும் நடாவிட்டாலும் சொல் நிற்கவேண்டும்.

ஓலைச்சுவடியோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘சுவட்டு’ என்று டகரம் இரட்டிப்பதால் காதுக்கே வேறுபாடு தெரிந்துவிடும். அப்புறம், ‘ரயிற்சுவடு’ என்று புணர்த்தவேண்டாம். பாதையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு ரயில் ரயிலாகவே தெரியட்டும்.