மாவாண்டி: சிரிப்பு மான்ஸ்டர் சண்டை இழுத்துக்கிட்டே போகுது, எங்க தப்பு?

ரவைதோசை_டிஎம்:
வணக்கம். டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடற கதை ஆட்டம்) 5ஆம் பதிப்பு, 2014 ரூல்ஸ். மூணாம் லெவல்ல நாலு பேர்: ஃபைட்டர், ரோக், கிளெரிக், விஸார்டு. பெங்களூரு இந்திராநகர்ல ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம்தான் டேபிள். அதுக்குள்ள சிரிச்சு முடிக்கிற மாதிரி ஒரு ஹோம்ப்ரூ (நானே உருவாக்கின மான்ஸ்டர்): பாழடைஞ்ச சத்திரத்து அடுக்களையில ராத்திரி பொங்கி வழிஞ்சு உயிர் வந்த இட்லி மாவு. பேரு மாவாண்டி.

லார்ஜ் ஊஸ் (பெரிய சைஸ் கூழ் மான்ஸ்டர்). ஏசி (அடி படறதுக்கு எட்ட வேண்டிய எண்) 15, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 105. சாதாரண ஆயுத டேமேஜ் பாதிதான் ஏறும். ஒவ்வொரு டர்ன் ஆரம்பத்திலும் 10 ஹெச்பி திரும்பி வரும். வெட்டினா ரெண்டாகும், ரெண்டுக்கும் இதே குணம். விழுங்கும், வெளிய வர டிசி 15 ஸ்ட்ரெங்த் செக் (பகடையும் பலமும் சேர்ந்து 15ஐத் தொடணும்). ஒவ்வொரு டர்னும் "இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"ன்னு கேக்கும்.

சோதனை ஆட்டத்துல முதல் ரவுண்டு நல்லா சிரிச்சாங்க. ஆறாவது ரவுண்டுல டேபிள்ல ஏழு துண்டு மாவு, உள்ள மாட்டின ரெண்டு பேரும் மொபைலை எடுத்துட்டாங்க. ஹெச்பியைக் கமுக்கமா குறைச்சுதான் முடிக்க முடிஞ்சது. ஏசியைக் குறைச்சா மட்டும் சரியாகுமா?

பத்தாம்பகடை:
ஆகாது. கணக்கைப் பாருங்க. ஃபைட்டர் கிரேட்சோர்டு சராசரி 10, ரோக் ஸ்னீக் அட்டாக்கோட 13.5, கிளெரிக் மேஸ் 5.5, விஸார்டு ஃபயர்போல்ட் 5.5. இருபது முகப் பகடையோட எல்லாருக்கும் +5ன்னு வெச்சா ஏசி 15ஐத் தொட 10 விழணும், அதாவது 55 சதவீதம். ஆயுத டேமேஜ் 29ல 16 சேரும், ரெசிஸ்டன்ஸ்ல பாதி போய் 8. நெருப்பு 3. மொத்தம் ரவுண்டுக்கு 11. அதுல 10ஐ மாவு திருப்பி எடுத்துக்குது. நிகரம் ஒண்ணு. 105 ஹெச்பிக்கு 105 ரவுண்டு!

இதுல துண்டுக்குத் துண்டு ரீஜெனரேஷன் (ஹெச்பி திரும்பி வர்றது) வேற. ஏழு துண்டுன்னா ரவுண்டுக்கு 70 வரைக்கும் ஏறும். டேபிள்ல யாரும் தப்பா ஆடலை, ஸ்டாட் பிளாக்தான் (மான்ஸ்டரோட எண் பட்டியல்) ஜெயிக்க விடலை.

ரெசிஸ்டன்ஸ், ரீஜெனரேஷன் ரெண்டையும் தூக்குங்க. ஏசி 8 போதும், மாவுதானே. 3 விழுந்தாலே அடி, 90 சதவீதம். ரவுண்டுக்கு 31 வரும், நாலு ரவுண்டுல கதை முடியும்.

உளுந்துஊறல்:
பிரியுற விதியை பிளாக் புட்டிங்ங்கற ரூல்புக் மான்ஸ்டர்ல இருந்து எடுத்திருக்கீங்க, ஆனா அதோட பூட்டை விட்டுட்டீங்க. அது பிரியணும்னா குறைஞ்சது மீடியம் சைஸா இருக்கணும், கையில 10 ஹெச்பி இருக்கணும். ஒவ்வொரு துண்டுக்கும் பாதி ஹெச்பி, ஒரு சைஸ் சின்னது. லார்ஜ், மீடியம், ஸ்மால், அவ்வளவுதான். அதனால நாலு துண்டுக்கு மேல போகாது. உங்களுது ரெண்டுக்கும் "இதே குணம்"னு சொன்னதால சைஸும் குறையலை, பூட்டும் இல்லை. துண்டுக்கு ஒரு டர்ன் வேற. டிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) ஒருத்தரே ஏழு டர்ன் உருட்டிட்டிருந்தா பிளேயருக்குத் தூக்கம்தான் வரும்.

என் யோசனை: வெட்டுக்குப் பிரியவே வேணாம். ஹெச்பி 70ஐத் தாண்டி இறங்கும்போது ஒரு தடவை, 35ல ஒரு தடவை, மூணு மூணு மினி இட்லி தெறிச்சு விழட்டும். ஏசி 8, ஹெச்பி 1, தனி இனிஷியேட்டிவ் (ஆடற வரிசை) கிடையாது. அடிக்காது, பக்கத்துல இருக்கறவர் கால்ல ஒட்டும், ஒண்ணுக்கு அஞ்சு அடி வேகம் குறையும். யாரு தட்டினாலும் போயிடும்.

தயிர்சாதம்20:
மொபைல் எடுத்தாங்கன்னா அது விழுங்கற விதியோட கோளாறு. ஜெலட்டினஸ் க்யூபுங்கற விழுங்கற மான்ஸ்டருக்கே வெளிய வர டிசி 12தான். உங்க விஸார்டுக்கு ஸ்ட்ரெங்த் -1ன்னா 15க்கு 16 விழணும், நாலுல ஒரு வாய்ப்பு. 12ன்னா 40 சதவீதம், ரெண்டு டர்ன் முயற்சி பண்ணா 64.

அதைவிட முக்கியம், உள்ள இருக்கறவருக்கும் செய்யறதுக்கு ஏதாவது வேணும். ஆக்‌ஷனா "திங்கறேன்"னு சொல்லலாம்னு வைங்க: மாவாண்டிக்கு 5 ஹெச்பி போகும், உருட்டவே வேணாம். ஆனா பச்சை மாவாச்சே, தின்னவர் கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடம்பு தாங்குதான்னு பாக்கற உருட்டு) டிசி 10. தோத்தா அடுத்த டர்ன் முடியற வரைக்கும் பாய்ஸன்ட். ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் விழுங்கும்னும் எழுதிடுங்க.

அப்புறம் "இன்னும் ரெண்டு வைக்கட்டுமா". ஒரே வசனம் மூணாவது தடவை சத்தம் மட்டும்தான். அதுவும் பெங்களூரு டேபிள்ல கன்னடம், இந்தி பேசறவங்க உட்கார்ந்திருப்பாங்க, மாவாண்டிங்கற சிலேடை அங்க செத்துடும். மாவு பொங்கி வழியறது எல்லார் வீட்டுலயும் நடக்கற கூத்து. காமெடியை வாயில வைக்காம விதியில வைங்க.

உளுந்துஊறல்:
தயிர்சாதம் சொன்னதோட இதையும் சேருங்க. குளிர்ல மாவு பொங்காதுன்னு ஜனவரியில இந்த ஊர்ல அரைச்சு வெச்சவங்களுக்குத் தெரியும். அதையே எடுத்துக்குங்க.

பொங்குதல்: ஒவ்வொரு டர்ன் ஆரம்பத்திலும் சுத்தி அஞ்சு அடிக்கு மாவு பரவும், 15 அடி வரைக்கும். அது டிஃபிகல்ட் டெரெய்ன், நடக்கறது கஷ்டம். ஹெச்பி ஏறக்கூடாது, இடம் மட்டும்தான். கோல்டு டேமேஜ் பட்டா அடுத்த டர்ன் பொங்காது. நெருப்பு பட்டா பரவின மாவுல ஒரு கட்டம் வெந்து தட்டே இட்லி ஆகிடும், பெங்களூரு பக்கத்து பிடதியில கிடைக்கற பெரிய சைஸ். அது மேல சாதாரணமா நடக்கலாம். விஸார்டு வழி போட, ஃபைட்டர் அதுல நடக்க, அடுத்த அடியை எங்க வேகவைக்கறதுன்னு அவங்களே சண்டை போடுவாங்க. நீங்க வசனம் பேசவே தேவையில்லை.

ஆனா இது பிளேயருக்கு முன்கூட்டியே தெரியணும். அடுக்களைக்குள்ள போகும்போதே மூணு தடயம்: கம்பளி சுத்தின அண்டா, அடுப்புக்குப் பக்கத்துல கல்லு மாதிரி வெந்து கிடக்கற வட்டம், ஜன்னலோரம் பனி பட்ட பானையில மட்டும் பொங்காத மாவு. ரெண்டை கோட்டைவிட்டாலும் ஒண்ணு மாட்டும்.

ரவைதோசை_டிஎம்:
பிரமாதம். மாத்தி எழுதிட்டேன். லார்ஜ் ஊஸ், ஏசி 8, ஹெச்பி 105 (14டி10+28, அதாவது பத்து முகப் பகடை 14 உருட்டி 28 கூட்டின சராசரி), வேகம் 15 அடி. ஸ்ட்ரெங்த் 15, கான்ஸ்டிடியூஷன் 14. ரெண்டு அடி, ஒவ்வொண்ணும் +4, 2டி6+2. அடிக்கு பதிலா விழுங்கலாம், டிசி 12 டெக்ஸ்டெரிட்டி சேவ். பொங்குதலும் மினி இட்லியும் நீங்க சொன்னபடி. இதுக்கு சிஆர் (சவால் அளவு) என்ன போடறது?

பத்தாம்பகடை:
டிஎம் கையேட்டு அட்டவணைப்படி 105 ஹெச்பி சிஆர் 3 வரிசை (101 முதல் 115). அந்த வரிசைக்கு ஏசி 13. உங்களுது அஞ்சு குறைச்சல். ரெண்டு புள்ளிக்கு ஒரு சிஆர் இறங்கும், ஆக தற்காப்பு 1. தாக்குதல் ரவுண்டுக்கு 18, அது சிஆர் 2 வரிசை (15 முதல் 20). +4ஆல பெரிய மாற்றம் இல்லை. சராசரி ஒன்றரை, சிஆர் 2ன்னு போடுங்க. 450 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). மூணாம் லெவல் நாலு பேருக்கு ஈஸி 300, மீடியம் 600, நடுவுல வருது. சிரிப்பு சண்டைக்கு இது சரியான இடம், யாரும் சாக மாட்டாங்க, ஆனா விஸார்டுக்கு ரெண்டு அடி விழுந்தா 18 போகும், கவனம்.

டிசி 12 சரியா விழுந்திருக்கு: 8, ப்ரொஃபிஷியன்சி 2, ஸ்ட்ரெங்த் 2. பழைய 15 எங்கிருந்து வந்துச்சுன்னுதான் புரியலை.

தயிர்சாதம்20:
டோக்கனுக்கு ஒரு வார்த்தை. மேப்ல ஒரு இன்ச் அஞ்சு அடின்னா லார்ஜுக்கு ரெண்டு இன்ச் வட்டம். பரவின மாவுக்கு ஓஹெச்பி ஷீட்ல (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) ஓட்டை போட்ட வளையம் மூணு வெட்டிக்குங்க: வெளி விட்டம் 4, 6, 8 இன்ச். ரவுண்டு ஏற ஏற ஒண்ணை எடுத்துட்டு அடுத்ததை வைங்க, கட்டம் கீழ தெரியும். வெந்த கட்டத்துக்கு ஒரு இன்ச் வெள்ளை அட்டை எட்டு பத்து போதும். நிஜ இட்லி வைக்கலாம்னு யாராவது ஆரம்பிப்பாங்க, விடாதீங்க. மேப்ல ஈரம் ஏறினா மார்க்கர் கோடு எல்லாம் கலைஞ்சிடும்.

ரவைதோசை_டிஎம்:
ரோக் ஆடறவர் ஏற்கனவே கேட்டாச்சு, சட்னி உண்டான்னு.