மறு: பயணக் கட்டுப்பாடு வேணாம், 'ஒத்துவேகம்' எப்படி இருக்கு?

எல்லாருக்கும் வணக்கம்,

கார்ல நாம வெச்ச வேகத்துலயே ஓட்டி, முன்னாடி வண்டி வந்தா தானா மெதுவாக்குற 'அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோலு'க்குத் தமிழ்ப் பேர் தேடுற இந்த இழையை நாலு நாளா படிச்சிட்டுதான் இருந்தேன், வாயத் தொறக்கல. நேத்து ஐயா 'தகவமைப்புப் பயணக் கட்டுப்பாடு'ன்னு போட்டு கடையை மூடப் பாத்தாரு, அதான் எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

> பயணக் கட்டுப்பாடு ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. அதன் முன் 'தகவமைப்பு' சேர்த்தால் போதும்.

புழக்கத்துல இருக்குங்கறது சரி, ஆனா பயணக் கட்டுப்பாடுன்னு காதுல விழுந்தா எனக்கு வர்ற நெனப்பு, ஊரை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு ஏதோ உத்தரவு போட்டுட்டாங்கங்கறதுதான். இந்தக் கருவி பயணத்தை எங்க கட்டுப்படுத்துது, வேகத்தை ஒரு எடத்துல நிறுத்தி வைக்குது, அவ்வளவுதான். தகவமைப்புன்னா உயிரியல் பாடத்துல சப்பாத்திக்கள்ளியோட இலை முள்ளா மாறுறதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க, கார் எதுக்குத் தகவமைக்குதுன்னு அந்த வார்த்தையில ஒரு குறிப்பும் இல்ல. இங்கிலீஷ்ல 'அடாப்டிவ்'னு பொத்தாம் பொதுவா வெச்சுட்டாங்கன்னு நாமளும் அப்படியே வைக்கணுமா?

வேகத்தை மட்டும் பிடிச்சு வைக்கிற சாதா க்ரூஸ் கன்ட்ரோலை முதல்ல செஞ்சவர் ரால்ஃப் டீட்டர், கண் தெரியாத இன்ஜினியர். 1958ல கிரைஸ்லரோட இம்பீரியல் கார்ல வந்துச்சு. அவர் யோசிச்ச பேர்கள்ல ஒண்ணு 'ஸ்பீடோஸ்டாட்', தெர்மோஸ்டாட் மாதிரி. கிரைஸ்லர் அதை 'ஆட்டோ பைலட்'னு வித்துச்சு, பின்னாடி கேடிலாக் வெச்ச 'க்ரூஸ் கன்ட்ரோல்'தான் நெலச்சுது. ஆக அந்தக் கருவியோட பேர்ல பாதி விளம்பரக்காரங்க வேலை. செஞ்சவர் மனசுல இருந்தது 'ஸ்டாட்', அதாவது நிலையா நிறுத்துறது. அதனால சாதா க்ரூஸ் கன்ட்ரோலுக்கு 'நிலைவேகம்'னு வெச்சுக்கலாம்னு அக்கா சொன்னது எனக்கு முழு சம்மதம். "நிலைவேகம் போடு", "நிலைவேகத்தை எடு"ன்னு வாயிலயும் நல்லா வருது.

இப்ப அடாப்டிவ் சமாச்சாரம். அதை ஓட்டிப் பாத்தவங்க முதல்ல சொல்ற அனுபவம் என்னன்னு யோசிங்க. 100ல செட் பண்ணிட்டு நிம்மதியா உக்காந்திருப்போம், முன்னாடி ஒரு லாரி வரும், கார் தானா மெதுவாகி அது பின்னாடியே 70ல போகும், ஒரு சத்தம் இல்ல ஒரு குலுக்கல் இல்ல, பாட்டு கேட்டுக்கிட்டே போய் கால்மணி நேரம் கழிச்சுதான் உறைக்கும், அடடா பக்கத்து லேன் மொத்தமும் காலியா கிடக்கே நாம எதுக்கு இந்த லாரிக்கு ஒத்து ஊதிட்டு இருக்கோம்னு. எனக்கு இது ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல.

அந்த எடத்துலதான் வார்த்தை மாட்டுச்சு: ஒத்துவேகம். முன்வண்டியோட ஒத்துப் போற வேகம். ஒத்து ஊதுறதுங்கற கேலியும் உள்ள ஒட்டிக்கிட்டு வருது, அதுவும் பொருத்தம்தான், ஏன்னா இந்தக் கருவிக்கு சொந்த புத்தி ரொம்பக் கம்மி.

> இடைவெளிதானே முக்கியம்? 'இடைபேணி' எனலாமே.

தம்பி, சொல்லு அழகா இருக்கு, ஆனா இடைபேணின்னா இடுப்பு மெலிய விக்கிற பெல்ட் மாதிரி இல்ல கேக்குது? அதோட இலங்கைத் தமிழ்ல பேணின்னா டின், குவளை. அங்க இருக்கற நம்ம குழு நண்பர்கள் சிரிப்பாங்க. இடைவெளி முக்கியம்ங்கறதை மறுக்கல, 1999ல மெர்சிடஸ் ரேடார் வெச்சுக் கொண்டு வந்தப்ப 'டிஸ்ட்ரோனிக்'னு தூரத்தை வெச்சுதான் பேர் வெச்சாங்க. ஆனா முன்வண்டிக்கு எவ்வளவு இடைவெளின்னு வைக்கிற பட்டன்ல நாம அமுக்குறது மீட்டர் கணக்கு இல்ல, நொடிக் கணக்கு. ரெண்டு நொடின்னு வெச்சா 100 கிலோமீட்டர் வேகத்துல சுமார் 55 மீட்டர், 50ல அதுல பாதி. கையேட்டை மொழிபெயர்க்கிறவங்க இதைத் 'தூரம்'னு போட்டுடுறாங்க, படிக்கிறவன் டேஷ்போர்டுல காட்டுற ஒரு இடைவெளிக் கோடுன்னா எப்பவும் இத்தனை மீட்டர்னு நெனச்சுக்கறான். அந்த அமைப்புக்கு 'நொடி இடைவெளி'ன்னு தனியா ஒரு சொல்லு வெச்சிரலாம்.

ஒத்துவேகத்துல இன்னொரு லாபம், அது பொய் சொல்லாது. இழையில 'காப்பு', 'அரண்', 'தானோட்டி'ன்னெல்லாம் சிலர் எழுதியிருக்கீங்க, அதுதான் எனக்கு பயம். ஒத்துப் போறதுக்கு முன்னாடி ஓடுற வண்டி ஒண்ணு வேணும். அது லேன் மாறி விலகிடுச்சுன்னா கார் உடனே பழைய 100ஐப் பிடிக்கக் கிளம்பும். விலகின வண்டிக்கு முன்னாடி ஒரு வண்டி பிரேக் டவுன் ஆகி நிக்குதுன்னு வைங்க, அங்கதான் வினை. ரேடார் எதிர்ல இருக்கற பொருளோட ஒப்பு வேகத்தை அளக்குது, நிக்கிற காரும் ரோட்டோரப் பலகையும் மேம்பாலத்து இரும்பும் அதுக்கு ஒரே மாதிரிதான், எல்லாமே நாம போற அதே வேகத்துல நம்மளை நோக்கி வர்ற மாதிரி. அதுக்கெல்லாம் பிரேக் போட்டா வண்டி ஓடவே முடியாதுன்னுதான் பழைய அமைப்புகள்ல நிக்கிறதைப் பெரும்பாலும் கழிச்சு விட்டாங்க. இப்ப கேமராவும் சேர்ந்து எவ்வளவோ தேவலாம், ஆனாலும் நிக்கிற வண்டியைக் கவனிக்காம போகலாம்னு கையேட்டுல இன்னும் எச்சரிக்கை இருக்கு. லேன் ஓரமா போற டூவீலரையும் தவறவிடும், வளைவுல முன்வண்டி தொலைஞ்சு போனா வேகம் எடுக்கும். இப்படி ஒண்ணுக்குக் 'காப்பு'ன்னு பேர் வெச்சா ஓட்டுறவன் காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்குவான்.

அடுத்தது ஆட்டோமேட்டிக் எமர்ஜென்சி பிரேக்கிங், அதாவது மோதப் போற நேரத்துல கார் தானா பிரேக் போடுறது.

> தானியங்கி வேகத்தடை

ஐயோ வேணாம். வேகத்தடைன்னா ரோட்டுல இருக்கற மேடு. தானா முளைக்கிற ஸ்பீட் பிரேக்கர்னு நெனச்சுக்குவாங்க.

நம்ம பேச்சுல பிரேக் 'பிடிக்குது', 'பிடிக்கல'ன்னுதானே சொல்றோம். அதனால 'பிடி'யை எடுத்துக்கலாம். மனுசன் போடுறது மிதி, மெஷின் போடுறது பிடி. 'அவசரப்பிடி'. ஒத்துவேகம் போடுற பிரேக் இதமானது, சீட்ல சாஞ்சவன் சாஞ்சபடியே இருப்பான். அவசரப்பிடி கடைசி நேரத்துல, மோதப் போகுதுன்னு உறுதியானப்புறம் வர்றது, பெல்ட் நெஞ்சுல இறுகும். முதல் தடவை எனக்கு அது பிடிச்சப்போ முன்னாடி போன கார் டக்குனு நின்னுச்சு, என் கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பெடல் தானா இறங்கிடுச்சு, வண்டி நின்னப்புறம்தான் கை நடுங்குச்சு. ஒத்துவேகம் நாம போட்டாதான் வரும், அவசரப்பிடி பொதுவா எப்பவும் விழிச்சிருக்கும். ரெண்டையும் ஒரே சொல்லுல அடைக்கப் பாக்காதீங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 ஜூலையிலேர்ந்து புதுசா பதிவாகற எல்லா கார்லயும் அவசரப்பிடி கட்டாயம், ஒத்துவேகத்துக்கு அப்படி எதுவும் இல்ல.

கடைசியா, நம்ம அக்கா கேட்ட 'ஃபாண்டம் பிரேக்கிங்'. முன்னாடி ஒண்ணுமே இல்லாம, மேம்பாலத்து நிழலுக்கோ வளைவுல ஓரமா நிறுத்தின லாரிக்கோ வண்டி திடுக்குனு பிரேக் போடுறது. பின்னாடி ஒருத்தன் ஒட்டிட்டு வந்தா உயிர் போய் வரும். இதுக்கு நான் ரொம்ப யோசிக்கல, தமிழ்லயே பழைய வழி ஒண்ணு இருக்கு. கானலுக்குப் பேய்த்தேர்னு பேர், இல்லாத தேர். பேய்ச்சுரை, பேய்ப்புடல்னு சொல்றோம், பாக்க சுரைக்காய் மாதிரி, வாயில வெச்சா கசப்பு. அந்த வரிசையில 'பேய்ப்பிடி'.

அடிக்க வாங்க, காத்திருக்கேன்.

---

மறு: மறு: 'ஒத்துவேகம்' எப்படி இருக்கு?

பேய்ப்பிடி அருமை, ஆனா "என் காருக்குப் பேய் பிடிச்சிருச்சு"ன்னு சர்வீஸ் சென்டர்ல சொன்னா மந்திரவாதிகிட்ட அனுப்பிடுவாங்க அண்ணா :) ஒத்துவேகத்துல ஒரு சந்தேகம். முன்னாடி வண்டியே இல்லாதப்போ அது என்ன? ஒத்துப் போக யாரும் இல்லையே?

---

மறு: மறு: மறு: 'ஒத்துவேகம்' எப்படி இருக்கு?

நல்ல கேள்விம்மா. வண்டி இல்லாதப்போ அது வெறும் நிலைவேகம்தான், கருவியே அப்படித்தான் நடந்துக்குது. டேஷ்போர்டுல முன்வண்டி படம் வந்தா ஒத்துவேகம், படம் மறைஞ்சா நிலைவேகம். கையேட்டுல இந்த ரெண்டு சொல்லையும் மாத்தி மாத்திப் போட்டாலே, இப்ப எது ஓடுதுன்னு படிக்கிறவனுக்குப் புரிஞ்சுடும். பேய்ப்பிடிக்கு வேற சொல்லு இருந்தா குடு, ஆனா 'மாயத்தடை' மட்டும் வேணாம்.