ஃபிளையர்ஸோடு ஒப்பந்தம் போட்டவரை ரஷ்யக் கிளப் எப்படி வைத்திருந்தது?

காப்பாளரின் அம்மா:
வணக்கம். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஸ்காபரோவில் ஒரு பிள்ளைகள் ஐஸ் ஹொக்கி அணியில் கோல் காப்பாளராக விளையாடுகிறான். சனிக்கிழமை காலை ஆறு மணி, விறைத்த விரல்களோடு அவன் கால் கவசத்தின் வார்களை இறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டான்: "அம்மா, இவான் ஃபெடோடோவ் ஃபிளையர்ஸோடு கையெழுத்துப் போட்டது 2022இல். அப்புறம் ஏன் 2024 வரை வரவில்லை?"

ஃபெடோடோவ் ரஷ்யக் கோல் காப்பாளர். ஃபிளையர்ஸ், வட அமெரிக்க ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் ஆடும் ஃபிலடெல்பியா அணி. மகன் அறைச் சுவரில் ஃபெடோடோவ் படம்தான் இருக்கிறது. இணையத்தில் தேடினால் 'இடமாற்ற ஒப்பந்தம்' என்கிறார்கள், 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? பிள்ளைக்குச் சொல்வதுபோல யாராவது விளக்குவீர்களா?

நீலக்கோடு:
அவரைப் பிடித்தது ராணுவம் அக்கா. 2022 ஜூலை 1, சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வைத்து, கட்டாய ராணுவ சேவையைத் தவிர்த்தார் என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். லீக் என்ன செய்ய முடியும்?

பனித்தரை:
நீலக்கோடு சொல்வது முதல் வருஷத்துக்குச் சரி. தங்கச்சியின் மகன் கேட்டதற்குப் பதில் இரண்டாவது வருஷத்தில் இருக்கிறது.

நான் பதினெட்டு வருஷத்துக்கு மேலாக ஒரு அரங்கில் பனித்தரை செப்பனிடும் வண்டி ஓட்டுகிறேன். ரஷ்ய வீரர்கள் மேல் எனக்கு ஆர்வம் வந்ததே என்எச்எல்லின் பிட்ஸ்பர்க் அணிக்குப் போன எவ்கேனி மால்கினால்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்எச்எல் ஐரோப்பாவிலிருந்து ஒரு வீரரை எடுத்தால், அவரை வளர்த்த நாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனத்தின் வழியாகப் போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. அதுதான் இடமாற்ற ஒப்பந்தம். 2005இல் போட்டதில் ஒரு வீரருக்குச் சுமார் 2 லட்சம் டொலர் என்று இருந்தது. சுவீடன், பின்லாந்து எல்லாம் கையெழுத்துப் போட்டன. ரஷ்யா போடவில்லை. உலகத்தரமான ஒரு வீரருக்கும் நாலாவது வரிசையில் ஆடுகிறவருக்கும் ஒரே விலையா என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த வருஷமே அதன் விளைவு தெரிந்தது. 2006 ஓகஸ்டில் மால்கினை நள்ளிரவு தாண்டியும் விடாமல் உட்காரவைத்துப் பேசி, அவருடைய ரஷ்யக் கிளப்பான மக்னித்தகோர்ஸ்க் மெத்தலூர்க் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. சில நாளில் அணி பயிற்சிக்காக ஹெல்சிங்கி போய் இறங்கியது. பாஸ்போர்ட் கைக்கு வந்த அந்த விமான நிலையத்திலேயே அவர் அணியை விட்டு விலகி, முகவரோடு போய்விட்டார். அமெரிக்க விசா கிடைக்கும்வரை ஹெல்சிங்கியிலேயே ஒளிந்திருந்தார். ரஷ்யத் தொழிலாளர் சட்டப்படி இரண்டு வாரம் முன்னறிவித்தால் வேலையை விடலாம். அதைக் காட்டித் தொலைநகலில் ராஜினாமா அனுப்பினார்கள். கிளப் அமெரிக்க நீதிமன்றம் வரை போனது, பலனில்லை. அக்டோபர் 18ஆம் தேதி பிட்ஸ்பர்க்குக்காக, நியூ ஜேர்சியின் கோல் காப்பாளர் மார்ட்டின் புரோடரைத் தாண்டி முதல் கோல் போட்டார். வேலை முடிந்து, ஈர மேலங்கியைக் கூடக் கழற்றாமல் ஊழியர் அறைத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவரைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த கிளப்புக்கு ஒரு சதம் கூடக் கிடைக்கவில்லை.

2008இல் ரஷ்யாவின் புது லீக்கான கேஎச்எல் தொடங்கியதும் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. என்எச்எல்லின் நாஷ்வில் அணியோடு இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம் இருந்த அலெக்சாண்டர் ரடுலொவ், ஊஃபா நகரத்து சலவாத் யூலாயெவ் கிளப்புக்குப் போனார். ஒருவர் ஒப்பந்தத்தை மற்றவர் மதிப்போம் என்று இரண்டு லீக்கும் பேசி முடித்தது ஜூலை 10. அவர் போகிற செய்தி வந்தது ஜூலை 11! கையெழுத்து ஜூலை 5ஆம் தேதியே போட்டாயிற்று என்றார்கள். மீதி வருஷத்தை முடிக்க அவர் நாஷ்வில் திரும்பியது 2012 மார்ச்சில்.

தங்கச்சி கேட்ட 'புரிந்துணர்வு' இதுதான். அதில் பணம் கிடையாது. உன் ஆளை நான் தொடமாட்டேன், என் ஆளை நீ தொடாதே, அவ்வளவுதான்.

உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2022 மார்ச்சில் அதையும் என்எச்எல் நிறுத்தி வைத்தது. ஃபெடோடோவ் மாட்டியது அந்த வெற்றிடத்தில். ராணுவ சேவை முடித்து வந்தவரோடு 2023இல் அவருடைய பழைய கிளப்பான மொஸ்கோ சிஎஸ்கேஏ புது ஒப்பந்தம் போட்டது. ராணுவத்தில் இருந்ததால் ஃபிளையர்ஸ் ஒப்பந்தம் ஒரு வருஷம் தள்ளிப்போனதே தவிர முடியவில்லை. சர்வதேச சம்மேளனம் ஓகஸ்டில் அதையே தீர்ப்பாகச் சொன்னது: ஃபிளையர்ஸ் ஒப்பந்தம் செல்லும், ஃபெடோடோவ் டிசம்பர் 31 வரை விளையாடக் கூடாது, சிஎஸ்கேஏ ஒரு வருஷத்துக்கு வெளிநாட்டு வீரர் இடமாற்றம் செய்யக் கூடாது. ரஷ்யாவுக்குள் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. செப்டம்பரில் அவர் கேஎச்எல்லில் கோல் காத்துக்கொண்டிருந்தார்.

2024 மார்ச் கடைசியில் சிஎஸ்கேஏ விடுவித்தது. ஏப்ரல் 1, ஐலண்டர்ஸுக்கு எதிராக நடு ஆட்டத்தில் இறங்கினார். 27 வயதில் முதல் என்எச்எல் ஆட்டம்.

நீலக்கோடு:
தெளிவாயிற்று அண்ணா. ஆனால் காசே வராது என்று தெரிந்தும் ரஷ்யக் கிளப் ஏன் நல்ல பிள்ளையாக ஆளை விட வேண்டும்?

பனித்தரை:
என் மனக்குறையே அதுதான். நியாயமான தொகை வருகிறது என்றால் கிளப்புக்கு வீரரை அனுப்ப ஒரு காரணம் இருக்கும். அது இல்லாததால், கையில் இருக்கிற ஒரே பிடி நீண்ட ஒப்பந்தம்தான். இளம் ரஷ்ய வீரர் மத்வே மிச்கோவைப் பாருங்கள். சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்கேஏ கிளப்போடு 2026 வரை ஒப்பந்தம் இருந்தது. அதற்குப் பயந்து பல அணிகள் அவரை விட்டுவிட, என்எச்எல் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2023 டிராஃப்டில் ஏழாவதாக ஃபிளையர்ஸ் எடுத்தது. 2024 கோடையில் எஸ்கேஏ முன்கூட்டியே விட்டதால் வந்தார். விடாமல் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தில் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இருபது வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருஷம் எவ்வளவு பெரியது!

காப்பாளரின் அம்மா:
மிக்க நன்றி அண்ணா. முழுவதையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனிடம் இன்னொரு கேள்வி இருக்கிறது: ராணுவத்தில் இருந்த ஒரு வருஷமும் ஃபெடோடோவ் பயிற்சி எடுத்தாரா?

பனித்தரை:
வடக்கே கடற்படைத் தளத்துக்கு அனுப்பினார்கள், அந்த சீசன் முழுக்க ஒரு லீக் ஆட்டமும் இல்லை. கோல் காப்பாளருக்கு ஒரு வாரம் பனியில் இறங்காவிட்டாலே கண்ணும் கையும் ஒத்துவராது, உங்கள் மகனுக்கே தெரியும். அப்படி ஒரு வருஷம் போன பிறகு சிஎஸ்கேஏ கோலில் போய் நின்றார். சுவரில் இருக்கிற படத்தைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.